பட்டறைப் பெயரில் ஓர் அஞ்சற்பெட்டி

திருவரங்கத்தில் குடியிருக்கும் நம் நண்பர் ஒருவர், அரியமங்கலம் தொழிற்பேட்டையில் கொதிகலன் உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகிறார். ஆறு பேர் உழைத்துப் பிழைக்கும் இடம் அது. சென்ற ஆண்டு அவர் மின்னஞ்சலில் அனுப்பிய விலைப்புள்ளி ஒன்று, உரிய நாளில் போய்ச் சேர்ந்தும் வாங்குவோர் கண்ணில் படவேயில்லை. அவர்களுடைய கணினி அதைக் குப்பை அஞ்சல்களோடு ஒதுக்கிவிட்டிருந்தது. ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. ஆறு பேருக்கும் இரண்டு மாதக் கூலி அதில் அடங்கியிருந்தது என்று அவர் துணைவியார் நம்மிடம் வருந்திக் கூறியபோது, இம்மாதம் இதைப் பற்றியே எழுதுவதென்று முடிவு செய்தோம்.

நடந்தது இதுதான். பொது முகவரியில் கடிதம் எழுதாமல், பட்டறையின் பெயரிலேயே மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்று விரும்பினார்கள். விருப்பம் நியாயமானதே. பொறியியற் கல்லூரியில் பயிலும் மகன், வீட்டில் கிடந்த பழைய கணினியில் லினக்ஸை ஏற்றி, போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்னும் இரண்டு மென்பொருள்களை நிறுவினான். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. முன்னது கடிதத்தை எடுத்துச் செல்லும் தபால்காரர் போன்றது. பின்னது வந்த கடிதங்களைப் பெட்டியில் காத்து, உரியவர் கேட்கும்போது எடுத்துத் தருவது. இணையப் பெயருக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். மற்றபடி மின்கட்டணம் மட்டுமே செலவு.

வர வேண்டிய கடிதங்கள் ஒழுங்காக வந்தன. மின்சாரம் நின்ற நாட்களிலுங்கூட ஒன்றும் தொலையவில்லை. ஏனெனில், கதவு திறக்காவிட்டால் அனுப்பிய கணினி மீண்டும் மீண்டும் வந்து தட்டும். வழக்கமாக நான்கைந்து நாட்கள் வரை கைவிடாது. சங்கடமெல்லாம் அனுப்புவதில்தான் இருந்தது.

ரே டாம்லின்சன் என்பவர் 1971இல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு முதன்முதலாக அஞ்சல் அனுப்பினார். ஜான் போஸ்டல் 1982இல் அதற்கான விதிமுறையை எழுதினார். அக்காலத்தில் அவ்வலையில் இருந்தோர் சிலரே, பெரும்பாலும் அறிமுகமானவர்கள். ஆகவே அனுப்புநர் என்று எழுதப்பட்ட பெயர் உண்மைதானா எனச் சோதிக்க அவ்விதியில் வழியே வைக்கப்படவில்லை. பின்னாளில் ஏமாற்றுக்காரர்கள் புகுந்தார்கள். இன்று கடிதத்தைப் பெறும் கணினி, அதைக் கொண்டுவந்தவன் யார் என்றுதான் முதலில் பார்க்கிறது. வீட்டு இணைப்பின் எண்ணோ அடிக்கடி மாறுவது. அத்தகைய எண்களிலிருந்து நேரடியாக வரும் அஞ்சலை ஏற்க வேண்டாமென்று ஸ்பாம்ஹவுஸ் போன்ற அமைப்புகள் பட்டியலே வைத்திருக்கின்றன.

போதாக்குறைக்கு மூன்று அத்தாட்சிகள் வேறு. இப்பெயரில் கடிதம் கொண்டுவர உரிமையுள்ள கணினிகள் எவை என்று ஊரறிய எழுதி வைப்பது எஸ்.பி.எஃப். கடிதத்தின் மேல் இடும் அரக்கு முத்திரை போன்றது டி.கே.ஐ.எம். இவ்விரண்டிலும் தேறாததை என்ன செய்வது என்ற அறிவிப்பு டிமார்க். முதலிரண்டில் ஒன்றேனும் இருக்க வேண்டுமென்று கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் எல்லோரிடமும் கேட்கிறது; நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். நம் நண்பர் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பையனைக் குறை கூற மாட்டோம். அவன் பார்த்த பாடக்குறிப்பு பழையதாயிருக்கலாம்.

நிலையான எண்ணோடு ஒரு கணினியை மாத வாடகைக்கு எடுத்து, மூன்று அத்தாட்சிகளையும் எழுதி வைத்தால் என்ன என்று நண்பர் கேட்டார். செய்யலாம். ஆயினும் வாடகைக்கு விடுவோர் பலர் அஞ்சல் வெளிச்செல்லும் வாயிலை அடைத்தே வைத்திருப்பர். அதைத் திறந்துவிடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி, மகன் வேலைக்கு வெளியூர் போனபின் அதை யார் பார்த்துக்கொள்வது என்பது. கடவுச்சொல் ஒன்று களவு போனால், ஓரிரவில் ஆயிரக்கணக்கான மோசடிக் கடிதங்கள் பட்டறையின் பெயரில் போய்விடும்.

எனவே சுமக்கும் வேலையை அதையே தொழிலாகக் கொண்டோரிடம் விட்டுவிடுமாறு கூறினோம். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கும் ஜோஹோ நிறுவனம், 2008 முதல் அஞ்சற்சேவை அளிக்கிறது. சொந்தப் பெயரோடு ஐந்து பேர் வரை கட்டணமில்லாத திட்டமும் அதில் உண்டு. அதன் இணையப் பக்கத்திலோ செயலியிலோதான் படிக்க இயலும். பட்டறையில் மின்னஞ்சல் பார்ப்போர் மூவரே. தாராளமாய்ப் போதும்.

நிற்க. காவிரியைக் கடந்து திருவரங்கம் 620006ஐ விட்டுத் திருச்சிராப்பள்ளி 620001க்குக் குடிபெயர்ந்தால் முகவரி மாறிப் போகும். இணையப் பெயர் அப்படியன்று. சுமப்பவரை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி அதுவேதான். பெயர் நம் கையில் இருக்கும் வரையில். அங்கேதான் இன்னொரு கோளாற்றைக் கண்டோம். பெயர்ப் பதிவில் தொடர்புக்கென்று மகனுடைய கல்லூரி மின்னஞ்சல் தரப்பட்டிருந்தது. படிப்பு முடிந்ததும் அம்முகவரி மூடப்படும்; புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் யாருக்கும் எட்டாது; பெயர் காலாவதியாகி, வேறெவரும் அதை வாங்கிவிடக்கூடும்.

அன்று மாலையே பதிவைத் தந்தையார் பெயருக்கும் கைபேசி எண்ணுக்கும் மாற்றினார்கள். புதுப்பிக்க வேண்டிய நாளை அம்மையார் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பழைய கணினி இப்போது விலைப்புள்ளிகளுக்கும் வரைபடங்களுக்கும் நகலெடுத்துச் சேமித்து வருகிறது.