ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன்

எம் மக வயித்துல ரெட்டைப் புள்ளைங்க. ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. அதனால 16 வாரத்துலேருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் ஸ்கேனுக்கு வரணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

"இத்தனை ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது"ன்னு ஊர்ல பேச்சு. ஸ்கேன் ஒலி அலையில பாக்குறது, எக்ஸ்ரே கிடையாது. ஆனா தப்பு எம்மேலயும் இருக்கு. அறுப்பு மிஷின் வர்ற அன்னிக்கு, "அடுத்த வாரம் போயிக்கலாம்மா"ன்னேன். அவ கேக்கல, அம்மாவோட பஸ் ஏறிட்டா. அன்னிக்குத்தான் ஒரு புள்ளையைச் சுத்தி தண்ணி குறையுதுன்னு தெரிஞ்சுது. அவளுக்கு ஒரு வலியும் இல்ல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க.

ஒரே நஞ்சுக்கொடின்னா ரெண்டு புள்ளைங்களோட ரத்தக்குழாயும் உள்ள இணைஞ்சிருக்குமாம். சில சமயம் ஒண்ணோட ரத்தம் இன்னொண்ணுக்கு அதிகமாப் போயிடும். தலைமடையில தண்ணி தேங்கி பயிர் அழுகும், கடைமடை காயும். ரெண்டுக்குமே ஆபத்து.

மாசம் 9-ஆம் தேதி அரசு ஆஸ்பத்திரியில இலவசமாப் பாக்குறாங்க, நல்லதுதான். ஆனா இந்த மாதிரி ரெட்டைக்கு மாசத்துல ஒருநாள் பத்தாது. தாலுகா ஆஸ்பத்திரியிலயே ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் இதைப் பாக்கத் தெரிஞ்சவங்க வேணும். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை விட்டுட்டு டவுனுக்கு ஓட எல்லாராலயும் முடியுமா?

அதுவரைக்கும் நாமதான் ஓடணும். மடை பாக்க தினம் வயலுக்குப் போறோமே, இதுக்குச் சோம்பலாமா? இப்போ 28 வாரம், ரெண்டு துடிப்பும் நல்லாருக்கு. நாளைக்கு அடுத்த ஸ்கேன். இந்தத் தடவை நானும் கூடப் போறேன்.