தன்னை மட்டுமே பார்க்கும் கேமரா

ஸாக் பிராஃப் எழுதி, இயக்கி, தானே நாயகனாகவும் நடித்த ‘கார்டன் ஸ்டேட்’ 2004-ல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. ஒரு தலைமுறையின் படமென்றே பலர் அதைக் கொண்டாடினார்கள். மனநல மருத்துவரான அப்பா சிறுவயதிலிருந்து கொடுத்துவந்த மாத்திரைகளால் மரத்துப்போன இளம் நடிகன், அம்மாவின் சாவுக்காக நியூ ஜெர்சிக்கு வருகிறான். சில நாளிலேயே காதலித்து, அழுது, மனம் திறக்கிறான். நல்ல கதைதான். ஆனால் அவனைத் தவிர வேறு யாருக்கும் அதில் சொந்த வாழ்க்கை இல்லை. சிறுவனாக அவன் தள்ளிவிட்டதில் விழுந்து நடக்க முடியாமல் போனவள் அம்மா; குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கிறாள். சக்கர நாற்காலியில் அத்தனை ஆண்டுகளை அந்தப் பெண் எப்படிக் கழித்தாள் என்று படம் கேட்கவே இல்லை. மகனின் குற்ற உணர்வுக்குக் காரணமாக இருப்பதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது. அவன் காதலிக்கும் பெண்ணான, நேட்டலி போர்ட்மன் நடித்த சாமுக்கு வலிப்பு நோய். அவளை விசித்திரமானவளாகக் காட்டத்தான் அந்த நோய் பயன்படுகிறது. அதோடு வாழும் பயம் திரைக்கு வருவதில்லை. நாயகனுக்கு வாழக் கற்றுத்தரவே படைக்கப்படும் இத்தகைய கனவுப் பெண்களுக்கு 2007-ல் ஒரு பெயர் சூட்டிய விமர்சகர் நேதன் ரேபின், சாமையும் உதாரணம் காட்டியது நியாயமே. ஒரு காட்சியில் கல்குவாரியின் விளிம்பில் மழையில் நின்று மூன்று பேர் கத்துகிறார்கள். நாயகனின் வலி நமக்குத் தெரியும். மற்ற இருவரும் எதற்காகக் கத்துகிறார்கள்? அவர்களில் ஒருவன் கல்லறைக் குழி வெட்டுபவன், பிணத்தோடு புதைக்கும் நகையைத் திருடுபவன். படத்திலேயே ஆழமான கதை அவனுடையதாக இருந்திருக்கலாம்.

இளமை என்றாலே தன்னைச் சுற்றித்தானே உலகம், அதைக் காட்டியது தவறா என்று கேட்கலாம். பாத்திரம் அப்படி இருக்கட்டும். கேமராவும் ஏன் அப்படி இருக்க வேண்டும்? கிரேட்டா கெர்விக்கின் ‘லேடி பேர்ட்’ (2017) நாயகியும் தன்னலம் மிகுந்தவள்தான். ஆனால் மனநல மருத்துவமனையில் இரட்டை ஷிப்ட் பார்க்கும் அவள் அம்மாவின் களைப்பையும் காசுக் கவலையையும் படம் கூடவே காட்டுகிறது. மகளை வழியனுப்ப விமான நிலையத்துக்குள் வராமல் முறுக்கிக்கொண்டு போன அம்மா, காரிலேயே உடைந்து அழுது வண்டியைத் திருப்புகிறாள். மகளுக்குத் தெரியாத அந்த அழுகை நமக்குத் தெரிகிறது. சின்ன பட்ஜெட்டில் எடுத்த சுயாதீனப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்பார்கள். சுமார் 25 லட்சம் டாலரில் ‘கார்டன் ஸ்டேட்’டை எடுத்து முடித்தது உண்மையிலேயே சாதனை; அதன் பாடல் தொகுப்பு கிராமி விருதும் வாங்கியது. ஆனால் அம்மாவுக்கென்று ஒரு காட்சியும், அப்பாவுக்குத் தன் தரப்பைச் சொல்ல இன்னும் கொஞ்சம் இடமும் எழுதியிருந்தால் அந்த பட்ஜெட் ஒன்றும் கூடியிருக்காது.