எரிப்பதற்கல்ல சருகு

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ அணைவதற்கு ஏறத்தாழ 12 நாட்கள் ஆயின. கொச்சி நகரமே மூச்சுத்திணறியது. கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அத்தனைக்கும் பிறகு கொச்சியில் குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிய பேச்சு வலுத்திருக்கிறது. ஆனால், மரத்தடிச் சருகையும் தென்னை மட்டையையும் கூட்டிப் பெருக்கித் தீ வைக்கும் பழக்கத்தை, கேரளத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பெரும்பாலோர் குற்றமாக நினைப்பதில்லை. நன்றாகக் காயாத இலை எரியும்போது நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் கிளம்பும். குவியலில் நான்கு பிளாஸ்டிக் உறைகள் சேர்ந்துவிட்டால் டையாக்சின் என்ற நச்சும் சேரும். கொச்சியின் மட்டாஞ்சேரி போல வீடுகள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் இடத்தில் இந்தப் புகை நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. புகையைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு: சமையலறைக் கழிவை உரமாக்க இந்த நகரத்துக்கு எது தேவையோ, அதையே தெருவில் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

மீன் செதிலும் சோற்று மிச்சமும் காய்த்தோலும் ஈரமானவை, நைட்ரஜன் மிகுந்தவை. தனியாகக் குவித்தால் காற்றுப் புகாமல் அழுகி, நாறி, புழு வைக்கும். சருகு இதற்கு நேர் எதிர்: கார்பன் மிகுந்தது, ஈரத்தை உறிஞ்சும், நடுவே காற்றுக்கு வழிவிடும். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 30 பங்கு என்ற அளவை ஒட்டி இரண்டும் கலந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். திருச்சூர் மாவட்டம் தும்பூர்முழியில் கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. நான்கடி நீளம், அகலம், உயரத்தில், பக்கங்களில் காற்றுக்கு இடைவெளி விட்ட ஒரு தொட்டி. அதில் புதுச் சாணம் ஓர் அடுக்கு, சருகு ஓர் அடுக்கு, கழிவு ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். உள்ளே வெப்பம் 70 டிகிரி வரை ஏறும். நோய்க்கிருமிகள் அதில் மடியும். நிரம்பிய தொட்டி சுமார் 90 நாட்களில் உரமாகிவிடும். கொச்சியில் வீட்டுக்குள் உரத்தொட்டி வைத்திருப்பவர்கள், ஈரத்தை இழுக்கத் தென்னை நார்க்கழிவில் செய்த நுண்ணுயிர்க் கலவையை (இனாக்குலம்) காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்கள் வீட்டு வாசலிலேயே சருகு எரிகிறது.

தெற்கே 50 கிலோமீட்டர் சென்றால் ஆலப்புழை. அந்நகரின் குப்பை போய்ச்சேர்ந்த சர்வோதயபுரம் கிடங்குக்கு எதிராக ஊர் மக்கள் திரண்டெழுந்து குப்பை லாரிகளைத் தடுத்த பின்னர், 2012-இல் ‘நிர்மல பவனம் நிர்மல நகரம்’ திட்டம் தொடங்கியது. குப்பையை ஊருக்கு வெளியே கொட்டுவதை விட்டு, தெருவோரத் தொட்டிகளிலும் வீடுகளிலுமே உரமாக்கினார்கள். 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு எடுத்துக்காட்டாகச் சொன்ன ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

மட்டாஞ்சேரியில் இடம் ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முற்றமில்லாத வீட்டில் சருகும் விழாது. அது சேர்வது கோயில் வளாகங்களிலும் பள்ளி மைதானங்களிலும் ஃபோர்ட் கொச்சியின் மழைமரத்துச் சாலைகளிலும்தான்; அதாவது பெரும்பாலும் பொது இடங்களில். ஒரு தொட்டிக்கு 16 சதுர அடி போதும். மழை பெய்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான கேள்வி. இலையுதிர்வு கோடைக்கு முன்னும் கோடையிலும்; சமையல் கழிவு அதிகம் நாறுவதோ ஜூனுக்குப் பிந்தைய மழையில். சருகைக் கூரையடியில் சாக்குகளில் கட்டிவைத்து மழைக்காலத்தில் எடுத்துப் பயன்படுத்துவதே வழி. சேமிக்க இடமில்லாததால்தான் எரிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒரே இடத்தில் மலைபோல் குவித்தால் அதுவும் பற்றிக்கொள்ளும் என்பதால், வார்டுக்கு ஒன்றாகச் சிறு கிடங்குகளே நல்லது.

புகை போட்டால் கொசு ஓடும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: டெங்குக் கொசு வளர்வது கொட்டாங்கச்சியிலும் டயரிலும் தேங்கும் நீரில், புகை அங்கே எட்டாது. உரக்குழியில் காண்டாமிருக வண்டு பெருகித் தென்னையைத் துளைக்கும் என்ற தென்னைக்காரர்களின் அச்சம் உண்மையானது. அதற்குக் குழியை அடிக்கடி கிளறிப் புழுவைப் பொறுக்குவதும், மெட்டாரைசியம் பூஞ்சையை இடுவதும் பலன் தரும். பிரம்மபுரத்தில் பிபிசிஎல் எண்ணெய் நிறுவனம் அமைத்த, நாளுக்கு 150 டன் கழிவைக் கையாளும் எரிவாயு ஆலை இருக்கிறதே என்றால், மரத்தன்மை மிகுந்த சருகும் மட்டையும் அந்த ஆலைக்கு ஏற்ற தீனியல்ல. ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 மட்டைகளைக் கழிக்கும். முன்பு அவை கூரையாகவும் விறகாகவும் போயின. ஓட்டுக் கூரையும் சமையல் எரிவாயுவும் வந்தபின் கேட்பாரில்லை. துண்டாக்கும் இயந்திரமும், தென்னையோலையை மண்புழு உரமாக்க காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தந்த முறையும் இருக்க, மட்டைகளை எரிக்கக் காரணமில்லை.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2016-இன் திடக்கழிவு விதிகளே தோட்டக் கழிவைத் தனியே வைக்கச் சொல்லிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்றது. ஆனால் கூட்டியதைக் கொண்டுபோய்ப் போட இடம் தராமல் துப்புரவுத் தொழிலாளியிடம் அபராதம் கேட்பது அநீதி. கொச்சி மாநகராட்சி அடுத்த இலையுதிர்வுக்கு முன் மேற்குக் கொச்சியின் ஒவ்வொரு வார்டிலும் கூரையிட்ட ஒரு சருகுக் கிடங்கையும் பக்கத்திலேயே தும்பூர்முழித் தொட்டிகளையும் அமைக்க வேண்டும். 2022-இல் பெருங்குடிக் கிடங்கு எரிந்ததைப் பார்த்த சென்னைக்கும் இதையே சொல்லலாம். உங்கள் தெருவில் சருகு எரிந்தால், எரிப்பவரைத் திட்டாமல், வார்டு உறுப்பினரிடம் கிடங்கு எங்கே என்று கேளுங்கள்.