நதி திருடிய கடல்

ஊர் இருக்கிறது. துறைமுகம் இருக்கிறது. துறைமுக வாசலில் காவலுக்கு வைத்த கற்சிங்கம்கூட இருக்கிறது. கடலை மட்டும் காணோம்!

துருக்கியின் மேற்குக் கரையில் மிலேட்டஸ் என்ற பழைய கிரேக்க நகரத்தின் கதி இது. தேலீஸ் என்ற தத்துவ ஞானி பிறந்த ஊர். ஒரு காலத்தில் நாலு துறைமுகங்கள் வைத்துக்கொண்டு ராஜபோகமாய் வாழ்ந்த ஊர். இன்று அங்கே நின்று பார்த்தால் பருத்தி வயல்தான் தெரியும். கடல் ஒன்பது, பத்து கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கி.மு. 494-இல் பாரசீகக் கப்பற்படை கிரேக்கர்களைத் தோற்கடித்ததே லேட் தீவு, அந்தத் தீவும் இப்போது வயல் நடுவே ஒரு மேடு. மாடு மேய்க்கிறவன் செருப்புக்கூட நனையாமல் ஏறிவிடலாம்.

கடலைத் திருடியது யார்? ஒரு நதி. பழைய பெயர் மேயாண்டர். துருக்கியர் மெண்டரெஸ் என்கிறார்கள். 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவருகிறது. நேராக ஓடவே தெரியாது. பாம்பு போல் நெளிந்து நெளிந்துதான் வரும். ஆறுகளின் வளைவுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்திருக்கும் பெயரே இந்த நதியின் பெயர்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மலைகளில் மனிதர்கள் காட்டை வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள், உழுதார்கள். மண் இளகிற்று. நதி அந்த மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து கடல் வாயில் கொட்டியது. வருஷா வருஷம் கொட்டியது. லட்மோஸ் வளைகுடா என்று பெரிதாக உள்ளே புகுந்திருந்த கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூர்ந்தது. ஆனால் வளைகுடாவின் கிழக்குக் கோடியில் ஒரு மூலை மட்டும் ஆழமாயிருந்தது. வண்டல் அதை நிரப்பவில்லை. வாசலை அடைத்துவிட்டுப் போய்விட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட அந்தக் கடல் துண்டுதான் இன்றைய பாஃபா ஏரி. சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்பு. கடலை விட்டுப் பிரிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் தண்ணீரில் இன்னும் உப்புக் கரிக்கிறது.

1994-இல் துருக்கி சர்க்கார் இந்த ஏரியையும் கரையையும் இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. பூங்கா என்றதும் புல்தரையும் சிமெண்டு பெஞ்சும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இஸ்மீரிலிருந்து போத்ரும் போகும் நெடுஞ்சாலை ஏரியின் தென்கரையை ஒட்டியே போகிறது. பாஃபா என்ற ஊரில் பிரிந்து ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே போனால், ஏரியின் கீழ்க்கரையில் கபிகிரி என்ற சின்னக் கிராமம் வரும். அங்கேதான் விசேஷம்.

அந்தக் கிராமம் ஹெராக்ளியா என்ற பழைய நகரத்துக்குள்ளேயே குடியிருக்கிறது! பக்கத்தில் இல்லை, உள்ளேயே. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக் கோட்டைச் சுவரின் ஓரத்தில் மாட்டுத் தொழுவம். பழைய கல் இன்று வீட்டு வாசற்படி. கோட்டை மதில் ஒரு காலத்தில் ஆறரை கிலோமீட்டர் நீளம், அறுபத்தைந்து கொத்தளங்கள். பாறைமேல் பாறையாய் மலை உச்சியைப் பார்க்க ஏறிக்கொண்டே போகிறது. ஏரியைப் பார்த்த ஒரு குன்றின்மேல் அதீனா தேவியின் கோவில், கூரை போனாலும் சுவர் நிமிர்ந்து நிற்கிறது. கரையோரத்தில் பாறையைத் தொட்டி போல் குடைந்து மூடி போட்ட கல்லறைகள். ஏரி ஏறினால் சில தண்ணீருக்குள் போய்விடும்; இறங்கினால் மறுபடி தலைகாட்டும்.

ஊருக்குப் பின்னால் நிற்பது லட்மோஸ் மலை. துருக்கியர் இதை 'பெஷ்பர்மாக்' என்கிறார்கள். 'ஐந்து விரல்' என்று அர்த்தம். இந்த மலைக்கு ஒரு கதை உண்டு. எண்டிமியான் என்று அழகான இடையன் ஒருவன் இங்கே ஒரு குகையில் தூங்கினானாம். நிலா அவனைப் பார்த்து மோகித்துவிட்டது. (நமக்குச் சந்திரன் ஆண், கிரேக்கர்களுக்கு நிலா ஒரு பெண்.) அவன் அழகு வாடாமல் என்றென்றும் தூங்க வேண்டும் என்று நிலாப் பெண் வரம் வாங்கினாள். தினமும் இரவு இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போவாளாம். அவர்களுக்கு ஐம்பது பெண் குழந்தைகள் என்றும் சொல்கிறார்கள். கதையில் மற்றதெல்லாம் நம்பிவிடலாம்; ஐம்பது பெண்களுக்குத் தகப்பன் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினான் என்பதைத்தான் நம்ப முடியவில்லை!

அதற்கும் வெகு காலம் முந்தியவர்கள் இந்த மலையில் சித்திரம் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஏரி இயற்கைப் பூங்காவான அதே 1994-இல், அன்னெலீஸ பெஷ்லோ-பிண்டோகட் என்ற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் பாறைக் குடைவுகளில் சிவப்புச் சாயத்தில் வரைந்த படங்களைக் கண்டுபிடித்தார். ஏழெட்டாயிரம் வருஷத்துக்கு முந்தியவை. பழைய குகைச் சித்திரம் என்றால் காட்டெருமையும் ஈட்டியுமாய் இருக்கும் அல்லவா? இங்கே அப்படிப்பட்ட வேட்டைக் காட்சிகள் இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்கிறார்கள், குடும்பம் இருக்கிறது. யாரோ நல்ல மனசுக்காரர்கள். கல்வெட்டிக் கொண்டுபோகும் சுரங்கங்கள் இப்போது இந்த மலையையும் அரித்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் வயிற்றைப் பிசைகிற சமாசாரம்.

பறவைகளைச் சொல்லாமல் விடலாமா? மாரிக் காலத்தில் போனால் நாமக்கோழிகள் தண்ணீரில் கரும்புள்ளியாய் மிதக்கும். குட்டி நீர்க்காகங்கள் கல்மேல் உட்கார்ந்து இறக்கையை உலர்த்தும். பூநாரைகள் வரும். ஆனால் ராஜா யார் என்றால் டால்மேஷியன் கூழைக்கடாதான். இறக்கையை விரித்தால் 3 மீட்டர்வரை வரும். பின்னந்தலையில் சுருட்டை முடி வேறு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலை வாராமல் வந்த பெரியவர் மாதிரி. மெண்டரெஸ் நதியின் முகத்துவாரத்தில் கூடு கட்டிவிட்டு, மீன் பிடிக்க இந்த ஏரிக்கு வருகிறது. அத்தனை பெரிய உடம்பு வானத்தில் சத்தமே இல்லாமல் மிதந்து, நூற்றாண்டுகளுக்கு முன் சன்னியாசிகள் கைவிட்டுப்போன தீவு மடத்தின் இடிந்த சுவரைத் தாண்டி இறங்கும்.

மீன் இருக்கிறவரைதான் இந்த வைபவமெல்லாம். மீனுக்கு வேண்டியது நதி. கடலை அடைத்த அதே நதிதான் மாரிக் காலத்தில் கரைபுரண்டு ஏரிக்கு நல்ல தண்ணீர் கொடுத்தது. கடலிலிருந்து மடவைக் குஞ்சுகளும் விலாங்குக் குஞ்சுகளும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. 1980-களில் வெள்ளத்தைத் தடுக்க நதிக்குக் கரை எழுப்பினார்கள். வயல்கள் தப்பின, ஏரிக்கும் நதிக்கும் இருந்த உறவு மதகின் தயவுக்கு வந்துவிட்டது. மேலே அணைகள்; இரண்டு பக்கமும் பருத்திக்குப் பாய்ச்சல்; போதாக்குறைக்கு மேல்நாட்டு ஆலைகளின் கழிவு. வருகிற தண்ணீரும் குறைவு, வருவதும் சுத்தமில்லை. உப்பு ஏறிற்று. கோடையில் பாசி பெருகிப் பச்சை நுரையாய்க் கரை ஒதுங்குவதும், மீன்கள் கூட்டம் கூட்டமாய்ச் செத்து மிதப்பதும் அடிக்கடி நடக்கிற காரியமாகிவிட்டன. 'இயற்கைப் பூங்கா' என்று பலகை நட்டால் தண்ணீர் வந்துவிடுமா? பூங்காவின் எல்லை கரையோடு முடிகிறது. ஏரியின் விதியோ மேலே இருக்கிற மதகுகளிலும் ஆலைகளிலும் எழுதப்படுகிறது.

போகிறவர்கள் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். பாறையெல்லாம் பூவாய் இருக்கும், வெயில் சுடாது. கெட்டியான செருப்பு அவசியம். கபிகிரிப் பெண்கள் லேஸ் பின்னிய தலைத்துணியும் ஆலிவ் எண்ணெயும் கொண்டுவந்து காட்டுவார்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள், அது அவர்களுடைய பிழைப்பு.

இலையுதிர் காலத்து இருட்டில் அங்கே ஒரு பிரயாணம் தொடங்கும். பல வருஷம் ஏரியிலேயே வளர்ந்த விலாங்குகளின் உடம்பு வெள்ளி நிறமாகும், கண் பெரிதாகும், தீனியை நிறுத்திவிடும். ஏரியை விட்டு நதி, நதியை விட்டு மத்தியதரைக் கடல், அதையும் தாண்டி அட்லாண்டிக் சமுத்திரத்தின் அக்கரைப் பக்கத்தில் சர்காஸோ கடல்வரை போய்த்தான் முட்டையிட வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். முதல் சில கிலோமீட்டரிலேயே மதகு இருக்கிறது. அது திறந்திருந்தால் போகும்.