கிணற்றின் புனிதமும் தாகத்தின் உரிமையும்

உத்தரப்பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்தில் 2024 டிசம்பரில், மூடிக்கிடந்த பழங்கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டப்பட்டன. சந்தௌசியில் மண்ணுக்குள்ளிருந்து படிக்கிணறு ஒன்று வெளிப்பட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் ஷாஹி ஜும்மா மசூதியில் நடத்தப்பட்ட ஆய்வையொட்டி வன்முறை வெடித்து உயிர்கள் பறிபோயிருந்தன. மசூதியின் வாயிலருகே உள்ள கிணறும் சர்ச்சைக்குள் இழுக்கப்பட்டது. அதன் தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்று 2025 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று.

இவ்வாறு தோண்டப்படும் ஒவ்வொரு கிணற்றையும் நோக்கி ஒரே கேள்விதான் எழுப்பப்படுகிறது: இது எந்த மதத்தாருக்குச் சொந்தம்? யார் தோண்டினார்கள், யார் நீர் முகந்தார்கள், யார் முகக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டார்கள் என்பவை கேட்கப்படுவதில்லை. ஆனால் இந்நாட்டின் கிணறுகளைப் பற்றிய கல்வெட்டுகளும் மக்கள் வழங்கிவரும் கதைகளும் பேசுவது பெரும்பாலும் அந்தக் கேள்விகளைப் பற்றியே.

படிக்கிணறுகளின் தாயகம் என்று சொல்லத்தக்க குஜராத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அவற்றை ‘வாவ்’ என்பார்கள்; தமிழில் ‘வாவி’ என்று வழங்கும் சொல்லின் உறவுச்சொல் அது. நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் வறண்ட பூமியில், நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தாலும் இறங்கிச் சென்று முகந்துவர வகைசெய்த கட்டுமானம் இது. பாட்டன் நகரில் 11ஆம் நூற்றாண்டில் அரசி உதயமதி எழுப்பிய ‘ராணி கி வாவ்’ 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இன்றைய 100 ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அதன் படம் இருக்கிறது.

அகமதாபாத்தின் அசார்வா பகுதியில் உள்ள படிக்கிணறு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சுல்தான் மகமூது பேகடாவின் அந்தப்புரத்தைச் சேர்ந்த பாய் ஹரிர் என்ற பெண்மணி 1499இல் கட்டியது அது. பக்கத்திலேயே அவருடைய மசூதியும் கல்லறையும் உள்ளன. கிணற்றுக்குள்ளோ சமஸ்கிருதக் கல்வெட்டும் அரபுக் கல்வெட்டும் ஒருங்கே இருக்கின்றன. சமஸ்கிருதக் கல்வெட்டு நீரின் அதிபதியான வருணனை வணங்கித் தொடங்குகிறது. நாற்றிசையிலிருந்தும் தாகத்தோடு வரும் மனிதர், விலங்கு, பறவை என எல்லா உயிர்களுக்காகவும் இக்கிணறு அமைக்கப்பட்டது என்கிறது. ஓர் இஸ்லாமியப் பெண்மணி கட்டிய கிணற்றில் வருணனுக்கு வணக்கம் பொறிக்கப்பட்டிருப்பதைக் கண்டு அன்று எவரும் நீதிமன்றத்துக்கு ஓடவில்லை.

கல்வெட்டு கட்டியவரின் பெயரைச் சொல்லும். கட்டுவதற்கு மாண்டவரின் பெயரை நாட்டார் கதைதான் சொல்லும். பாட்டனின் சகஸ்ரலிங்க ஏரியைப் பற்றிய கதை அத்தகையது. 12ஆம் நூற்றாண்டில் சித்தராஜ ஜெயசிம்மன் ஆட்சியில் உருவான ஏரி அது. கரையெங்கும் ஆயிரம் சிவலிங்கங்கள் இருந்ததாகச் சொல்லும் பெயரைத் தாங்கியது. ஏரி வெட்ட வந்தவர்கள் மண்தோண்டும் ஓட் சமூகத்தினர். அவர்களுள் ஜஸ்மா என்ற பெண்ணின் அழகில் மயங்கிய மன்னன் அவளை அடைய முயன்றான். மண் சுமப்பதே மேல் என்று அரண்மனை வாழ்வை மறுத்த ஜஸ்மா, துரத்தி வந்த மன்னனிடமிருந்து தப்ப வழியின்றி உயிரை மாய்த்துக்கொண்டாள். இந்த ஏரியில் நீர் தங்காதிருக்கட்டும் என்று சபித்துவிட்டே மடிந்தாள்.

சாபம் தீர மனித பலி வேண்டும் என்றார்கள். பலியிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அரண்மனைக்காரன் அல்ல. மாயா என்ற தீண்டப்படாத நெசவாளி. அவன் மன்னனிடம் கேட்ட வரம் பொன்னோ நிலமோ அன்று. எச்சில் துப்பக் கழுத்தில் கலயமும், காலடித் தடத்தை அழிக்கப் பின்னால் விளக்குமாறும் கட்டித் திரியும் இழிவிலிருந்து தன் மக்கள் விடுபட வேண்டும். அவர்களும் ஊரை அடுத்து வாழ வேண்டும் என்பதே அவன் கேட்டது. வழக்கிலுள்ள கதை வடிவங்கள் பல. எல்லாவற்றிலும் நீருக்கு விலை கொடுத்தவர்கள் மண் வெட்டியவளும் நெசவு நெய்தவனுமே. ஜஸ்மாவின் கதையைப் பவாயி கூத்துக் கலைஞர்கள் தலைமுறைகளாக ஆடி வந்தார்கள். இந்திய மக்கள் நாடக மன்றத்தில் வளர்ந்த சாந்தா காந்தி அதை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார்.

இக்கதைகளில் நடந்த வரலாறு எவ்வளவு என்று அளந்து பார்ப்பது அறிஞர் வேலை. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் எதை மறக்க மறுத்தார்கள் என்பதற்கு இவை ஐயமற்ற சான்று. பகுத்தறிவின் பெயரால் இவற்றைக் குப்பையென ஒதுக்குவது தவறு. பக்தியின் பெயரால் இவற்றிலுள்ள சாதியை மறைத்துவிட்டுச் சாபத்தையும் அற்புதத்தையும் மட்டும் விற்பது அதனினும் பெருந்தவறு.

மாயா கேட்ட வரம் எட்டு நூற்றாண்டுகள் கடந்தும் நிறைவேறவில்லை என்பதை மகாராஷ்டிரத்தின் மகாத் காட்டியது. பொது நீர்நிலைகள் தீண்டப்படாதோருக்கும் திறக்கப்பட வேண்டும் என்று எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தைப் பம்பாய் சட்டமன்றம் 1923இல் நிறைவேற்றியது. மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறப்பதாக 1924இல் தீர்மானித்தது. காகிதத்தில் இருந்த உரிமையைக் கையால் அள்ள 1927 மார்ச் 20 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று அம்பேத்கர் தலைமையில் ஊர்வலமாகச் சென்ற மக்கள் அந்நீரைப் பருகினார்கள். உடனே தாக்கப்பட்டார்கள். பின்னர் பசுவின் சாணமும் சிறுநீரும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் கவிழ்த்துக் குளம் ‘தூய்மை’ செய்யப்பட்டது. அந்த மாநாட்டை ஒழுங்கமைத்தவர்களுள் முன்னின்ற ஆர்.பி. மோரே பின்னாளில் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்து இறுதிவரை உழைத்தார்.

இவ்வழக்கில் சாதி இந்துக்கள் முன்வைத்த வாதம் இன்று நினைவுகூரத்தக்கது. நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அக்குளம் தங்களுக்கே உரியது என்றார்கள். அந்தத் தொன்மையை அவர்களால் மெய்ப்பிக்க முடியவில்லை என்று 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொன்மை என்பது எத்தனை முறை வெறும் உடைமை வெறியின் போர்வையாகப் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு அத்தீர்ப்பு ஓர் எடுத்துக்காட்டு.

புனிதம் மக்களைக் காத்ததா என்றும் கேட்க வேண்டும். நோயுற்றவர் படிகளில் இறங்கிக் கால் வைத்த நீரைப் பருகுவதால் பரவிய நரம்புச்சிலந்தி நோய் ராஜஸ்தான், குஜராத் முதலிய பகுதிகளின் ஏழை மக்களை முடக்கிப்போட்டது. அதை ஒழித்தது நீரின் தெய்வத்தன்மை அன்று. நீரை வடிகட்டக் கற்பித்தும், படிக்கிணறுகளை மாற்றியமைத்தும், பாதுகாப்பான குடிநீர் வழங்கியும் பணியாற்றிய பொது சுகாதார ஊழியர்களின் உழைப்பு. இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2023 மார்ச் 30 அன்று ராமநவமி வழிபாட்டின்போது இந்தூரில் ஒரு கோயிலின் தளம் இடிந்தது. பழைய படிக்கிணற்றை மூடி அதன்மேல் போடப்பட்ட தளம் அது. கிணற்றுக்குள் விழுந்து 36 பேர் மாண்டார்கள். அவர்கள் பக்தர்கள்தாம், பழங்கிணற்றை முறையாகப் பேணாத அலட்சியத்துக்கு அவர்களே பலியானார்கள்.

செய்யவேண்டியது தெளிவு. கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள் ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் மதம், சாதி முதலியவற்றின் பேரால் எவரையும் தடுக்கலாகாது என்று அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. மகாத்தின் நீர் அப்பிரிவில் ஓடுகிறது. 1947 ஆகஸ்ட் 15இல் இருந்த வழிபாட்டிடங்களின் மதத்தன்மை அவ்வாறே தொடரும் என்கிறது 1991ஆம் ஆண்டுச் சட்டம். இத்தகைய புதிய வழக்குகளைப் பதிவு செய்யவும் ஆய்வுக்கு உத்தரவிடவும் 2024 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அச்சட்டத்தைத் தளர்த்தும் எந்த முயற்சியையும் ஜனநாயக சக்திகள் முறியடிக்க வேண்டும்.

பழங்கிணறுகள் தூர்வாரப்பட வேண்டும். அவற்றின் படிகள் செப்பனிடப்பட வேண்டும். அவற்றைப் பற்றிய கதைகள் ஜஸ்மாவும் மாயாவும் விடுபடாமல் தொகுக்கப்பட வேண்டும். சிலை தேடி மண்ணைக் கிளறும் அரசுகள், இன்றும் தலித் குடியிருப்புகளுக்கு எட்டாமல் இருக்கும் குடிநீரைக் கொண்டுசேர்ப்பதில் அதே வேகத்தைக் காட்டட்டும். நாற்றிசையிலிருந்தும் தாகத்தோடு வருவோர் அனைவருக்கும் என்று 1499இல் ஒரு பெண்மணி கல்லில் பொறித்தார். அதை நிறைவேற்றும் கடமை இன்னும் பாக்கியிருக்கிறது.