மயிற்பீலி ஒன்று போதும்

இந்தியப் பள்ளிகளில் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை வேடங்களின் பருவம். சுதந்திர தினத்துக்குப் பாரத மாதா, கிருஷ்ண ஜெயந்திக்குக் கண்ணனும் ராதையும், அக்டோபர் 2இல் காந்தி, நவம்பர் 14இல் நேரு, டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா, ஜனவரி 26இல் ஜான்சி ராணி. விழாவுக்கு இரண்டொரு நாள் முன்பு பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வருகிறது: இன்ன குழந்தை இன்ன வேடத்தில் வரவேண்டும். அவகாசம் இல்லாததால் வாடகைக் கடைக்கோ இணைய அங்காடிக்கோ ஓடுவதைத் தவிர வழியில்லை. ஒரு காலைப்பொழுது மட்டும் உடுத்தப்படும் அந்த ஜிகினா உடை, மறு ஆண்டு குழந்தைக்குச் சிறிதாகிவிடுகிறது.

இச்செலவைக் குறைப்பது குடும்பத்தின் சாமர்த்தியம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் செலவைத் தீர்மானிப்பது பள்ளியின் அறிவிப்பு. அது மாறினால் செலவும் குறையும்.

இந்நிகழ்வுக்கு இந்திய மொழிகள் சூட்டியுள்ள பெயர்களை ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். தமிழில் இது மாறுவேடப் போட்டி, கன்னடத்தில் சத்மவேஷம், மலையாளத்தில் பிரச்சன்னவேஷம். மாறுதல், மறைத்தல் என்பவையே இச்சொற்களின் பொருள். வங்காளப் பள்ளிகளின் விளையாட்டு விழாவில் இதன் பெயர் 'ஜெமொன் குஷி ஷாஜோ', அதாவது விருப்பம்போல் வேடமிடு. ஆங்கிலத்திலிருந்து வந்து நாடெங்கும் வழங்கும் 'ஃபேன்ஸி டிரெஸ்' என்ற பெயர் மட்டுமே பார்வையை ஆடையின் மீது, அதுவும் அலங்கார ஆடையின் மீது, திருப்புகிறது. பெயரே செலவை உண்டாக்கிவிடுவதில்லை. எனினும் எதற்கு மதிப்பெண் இடப்படுகிறது என்பதை அது நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

வேடம் என்பது ஒரு குறி. ஒலியனியலில் இரண்டு ஒலிகளைப் பிரித்தறிய அவற்றின் எல்லாக் கூறுகளும் தேவைப்படுவதில்லை; வேறுபடுத்தும் கூறு ஒன்றே போதுமானது. வேடத்துக்கும் இது பொருந்தும். தலையில் ஒரு மயிற்பீலியும் கையில் ஒரு குழலும் இருந்தால் அக்குழந்தை கண்ணன் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. வட்டக் கண்ணாடியும் கைத்தடியும் காந்தி. சட்டையில் செருகிய ரோஜா நேரு. எஞ்சிய பட்டு வேட்டி, முத்துமாலை, ஆயத்த மகுடம் ஆகியவை பொருளுக்கு எதையும் கூட்டுவதில்லை. குறியை மட்டும் வாங்கி, மீதியை வீட்டுத் துணிகளால் நிரப்பினால் செலவு தானாகவே சுருங்கிவிடும். தாயின் பழைய துப்பட்டா பஞ்சகச்சமாகும். திருமண அழைப்பிதழின் தடித்த அட்டை மகுடமாகும்.

இதில் காந்தி வேடம் தனியே எண்ணத்தக்கது. கதர் வாங்கவும் வசதியில்லை என்று எளியோர் கூறியது காந்தி மேலாடையைத் துறந்ததற்கான காரணங்களுள் ஒன்று. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடைக்கு மாறினார். விலையின் காரணமாக ஒருவர் துறந்த ஆடையை நடித்துக் காட்டுவதற்கு இன்று தினக்கூலிக் குடும்பம் ஒன்று வாடகை செலுத்துகிறது. பள்ளிகள் இம்முரணைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 12(1)(c) பிரிவின்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்குகிறது. அவர்களுக்கான கட்டணத்தை அரசு ஒரு வரம்புக்குள் ஈடுசெய்கிறது. வேட வாடகை அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. கட்டணம் என்ற பெயரில் கேட்கப்படாததால் எவரும் அதைக் கட்டணமாகக் கருதுவதுமில்லை. வசதி வேறுபாட்டை மறைப்பதற்காகவே சீருடை அணிவிக்கும் பள்ளி, அந்த வேறுபாட்டை ஆண்டுக்குச் சில நாட்கள் மேடையேற்றிப் பரிசும் வழங்குகிறது. அந்த நாட்களில் 'காய்ச்சல்' என்று விடுப்பெடுக்கும் குழந்தைகளின் வருகைப் பதிவை ஆசிரியர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்பது முழுமையான விடை ஆகாது. மிச்சமாகும் பணத்துக்கு ஈடாகச் செலவாவது பெரும்பாலும் தாயின் உறக்கம். வேலைக்குச் சென்று திரும்பும் பெண்ணிடம் நள்ளிரவில் அட்டை வெட்டச் சொல்வது சிக்கனமாகாது. செலவை இன்னொரு கணக்கில் எழுதுவதே ஆகும்.

மாறுவேடத்தையே நிறுத்திவிடலாம் என்பாரும் உண்டு. அது குழந்தைக்கே இழப்பாகும். நான்கு வயதுக் குழந்தை மேடையேறி 'நான் காந்தி' என்று சொல்லும்போது, 'நான்' என்ற சொல்லைத் தனக்குரியதல்லாத ஒருவருக்காக ஆள்கிறது. பிறர் நிலையில் நின்று பேசும் இப்பயிற்சி மொழிக்கும் கற்பனைக்கும் ஒருங்கே உரம். ஜிகினாவின் மீது குழந்தைக்கு ஆசை இருப்பதும் இயல்பே. ஆயினும் அந்த ஆசையை நிறைவேற்றும் பொறுப்பு வாடகைக் கடையை மட்டும் சார்ந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிகள் செய்யக்கூடியவை எளியவை. அறிவிப்பை மூன்று வாரங்களுக்கு முன்பே தரலாம். வேடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் குழந்தைக்கே விடலாம். வாங்கிய உடைக்கும் வாடகை உடைக்கும் மதிப்பெண் இல்லை என்று விதியிலேயே எழுதி, பேச்சுக்கும் நடிப்புக்கும் மட்டும் மதிப்பெண் இடலாம். மகுடம் செய்வதைக் கைவினை வகுப்பிலேயே முடித்துவிடலாம். சிறிதாகிப்போன உடைகளைப் பெற்றோரிடம் பெற்று, நூலகம் புத்தகம் தருவதுபோல எல்லாக் குழந்தைகளுக்கும் இரவல் தரலாம். எல்லாருக்கும் என்றால்தான் இரவல் பெறுவது இழிவாகாது. இவற்றுள் எதற்கும் தனி நிதி தேவையில்லை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எவரேனும் ஒருவர் எழுந்து கேட்பதே தொடக்கமாகும்.