கத்திக்கு முன்னால் ஓர் ஊசி



பாம்பனில் எங்கள் தெருவில் ஒரு மீனவரின் மகள் இருக்கிறாள். சிறு வயதில் அவள் கையில் கொதிக்கும் கஞ்சி கொட்டிவிட்டது. புண் ஆறியது, ஆனால் தழும்பு சுருங்கி விரல்களை மடக்கிவிட்டது. மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி செய்து, தொடைத் தோலை எடுத்து அங்கே ஒட்டினார்கள். (பிளாஸ்டிக் என்றதும் வாளியை நினைத்துவிடாதீர்கள். உருக்கொடுத்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.)

ஊர் திரும்பிய தந்தை என்னிடம் குறைப்பட்டுக் கொண்டார். "சார், கத்தி வைக்கிறதுக்கு முன்னால ஒரே ஒரு ஊசி. அதோட சரி. அஞ்சு நாளைக்கு மாத்திரைகூட எழுதித் தரல. நாங்களா கடையில வாங்கி வச்சிருக்கோம்."

நான் இயற்பியல் ஆசிரியன், மருத்துவன் அல்லன். ஆனாலும் அந்த ஒற்றை ஊசி சரியென்றே சொல்வேன். ஏன் என்று பார்ப்போம்.

நம் தோலில் எப்போதும் பாக்டீரியாக்கள் உண்டு. கத்தி படும்போது அவை உள்ளே நுழைகின்றன. அந்த நேரத்தில் மருந்து இரத்தத்திலும் திசுவிலும் தயாராக இருக்க வேண்டும். வள்ளத்தின் பலகை இடுக்கைக் கடலில் இறக்குமுன்தானே அடைக்கிறோம்! 1961-இல் அமெரிக்காவில் ஜான் பர்க் என்ற அறுவை மருத்துவர் இதைக் கினிப்பன்றிகளில் சோதித்தார். பாக்டீரியாவைத் தோலில் செலுத்துமுன் மருந்து கொடுத்தபோது புண் சிறிதாயிற்று. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதோ, மருந்தே கொடுக்காததுபோல் ஆயிற்று.

கதிரியக்கத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்பீர்கள். மருந்துக்கும் அது உண்டு. இதற்கு வழக்கமாகப் பயன்படும் செபசோலின் மருந்து, இரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மணிக்கொரு முறை பாதியாகும். நான்கு மணியில் கால் பங்கு. எட்டு மணியில் பதினாறில் ஒன்று. ஆகவே கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணிக்குள் அதைப் போடுகிறார்கள். அறுவை நான்கு மணியைத் தாண்டினால் இன்னொன்று. தோலில் செய்யும் சிறிய, சுத்தமான அறுவைகள் பலவற்றுக்கு அதுவும் தேவையில்லை. அறுவை முடிந்தபின் தடுப்பு மருந்தை நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் கூறிவிட்டது.

"கூடுதலாகத் தின்றால் என்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். குடலிலும் தோலிலும் உள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவை மடிகின்றன, அடங்காதவை பெருகுகின்றன. அச்சிறுமிக்கு, வளர வளர, இன்னோர் அறுவை தேவைப்படலாம். அன்றைக்கு அந்த ஊசி வேலை செய்ய வேண்டாமா?

அறுவை செய்த மருத்துவரையே தொலைபேசியில் கேட்கச் சொன்னேன். மாத்திரை வேண்டாம், காய்ச்சலோ, சீழோ, புண்ணைச் சுற்றிச் சிவப்போ கண்டால் உடனே வாருங்கள் என்றாராம்.

வாங்கி வைத்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு. மருத்துவர் சீட்டின்றி இதை வாங்காதீர்கள் என்பதற்கு அடையாளம் அது. 2016-இல் மத்திய அரசு இதற்கென ஓர் இயக்கமே தொடங்கியது. சீட்டில்லாமல் கொடுத்த கடைக்காரர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் கேட்டு வாங்கியவர் என் அண்டை வீட்டுக்காரர் ஆயிற்றே!